பெரிய ஓட்டல் கேட்டை மூடிட்டாங்க, நைனா

என் ஆசை நைனாவுக்கு,

நீ இப்போது என் வீட்டு ஹாலில் நிற்கிறாய். முகப்பேர் ஹவுசிங் போர்டு ஃபிளாட்டில் ஹால் எவ்வளவு பெரிசு என்று உனக்குத் தெரியும். கடைசிக் காலத்தில் சோபாவுக்கும் டி.வி.க்கும் நடுவே உன் நாற்காலியைப் போட இடம் தேடி அலுத்தவள் நான். இப்போது அதே இடத்தில் ஆள் உயரத்துக்கு மேலே ஒரு படம். தங்க நிறத்தில் ஃபிரேம், சிவப்புக் கோட்டு, சரிகைத் தலைப்பாகை, காதைத் தொடுகிற மீசை. பாதி டி.வி.யை மறைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்து நிற்கிறாய். உன் மாப்பிள்ளை ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஓரமாகப் போய் உட்கார்ந்து கிரிக்கெட் பார்க்கிறார். பாவம் மனுஷர்.

எதிர் வீட்டம்மா எட்டிப் பார்த்து, "எந்த ஊர் மகாராஜா மேடம் இவரு?" என்று கேட்டாள்.

"எங்க நைனா. பெரிய ஓட்டல் வாசல்ல கதவு தொறந்து வுட்டுகினு இருந்தாரு" என்றேன். அவள் தலைப்பாகையை இன்னொரு தரம் பார்த்துவிட்டுப் போய்விட்டாள்.

உன்னை ஏன் இங்கே கொண்டு வரும்படி ஆயிற்று என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். கோபமாகத்தான் எழுதுகிறேன். பாதிக் கோபம் ஓட்டல்காரர்கள் மேல், பாதி உன் மேல். உன் பிள்ளை சேகர் மேல் இருப்பது தனிக்கணக்கு. உனக்குத் தெரிந்த கதையையே முதலிலிருந்து சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே. பக்கத்தில் நின்று கேட்கிறவர்களுக்கும் புரிய வேண்டும் இல்லையா?

வேலப்பன்சாவடி தாண்டி ஹைவே ஓரத்தில் இன்றைக்கும் நிற்கிறதே அந்த மாளிகை, அது எழும்புவதற்கு முன்னால் அங்கே நம் கிணற்று நிலம் இருந்தது. கெங்கையம்மன் சிலை அந்தக் கிணற்றைத் தூர் வாரும்போது கிடைத்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வார்கள். கோயில் ஊருக்குள், கிணறு நம் நிலத்தில். வருஷா வருஷம் ஆடித் திருவிழாவில் கரகம் அந்தக் கிணற்றுக்கு வரும், தண்ணீர் எடுத்துக்கொண்டு திரும்பும். ஓட்டல் கட்ட இடம் தேடி வந்த முதலாளியிடம் நீ நிலத்தைக் கொடுத்தபோது ஒன்றே ஒன்றுதான் கேட்டாயாம், கிணற்றை மூடக் கூடாது என்று.

அந்த மனுஷர் மூடவில்லை. நீச்சல் குளத்தையே கிணற்றைச் சுற்றி வளைத்துக் கட்டினார். அதனால்தான் அந்தக் குளம் முந்திரிக்கொட்டை மாதிரி கோணலாக இருக்கும். இப்போது புதிதாக வாங்கியிருக்கும் கம்பெனிக்காரர்கள் அச்சடித்திருக்கும் வழவழப் புத்தகத்தில் அதைப் பற்றி என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஐரோப்பியக் கடற்கரை மாளிகைகளின் பாணியாம்! படித்துவிட்டு எனக்குச் சிரிப்பு வரவில்லை, நைனா. அந்தக் கோணல் நீ கேட்டு வாங்கிய கோணல்.

அப்புறம் அந்த மாளிகை வளர்ந்த கதைதான் நம் எல்லோருடைய கதையும். போர்டில் இருந்த இங்கிலீஷ் பேரை நம் ஊரில் ஒருவரும் சொன்னதில்லை, பெரிய ஓட்டல்தான். ஆவடி டேங்க் ஃபேக்டரிக்கு வந்த வெளிநாட்டு இஞ்சினியர்கள் அங்கேதான் தங்கினார்கள். அம்பத்தூர் எஸ்டேட் முதலாளிகளின் பார்ட்டி எல்லாம் அங்கே. சினிமா ஷூட்டிங் என்றால் பூந்தமல்லியிலிருந்து சைக்கிளில் ஜனம் வந்து மதில் மேல் தொங்கும். நம் ஊரில் பாதிப் பேருக்கு அங்கே வேலை. சமையல்கட்டு, சலவை, தோட்டம். உனக்கு வாசல். மீசையைப் பார்த்தே முதலாளி உன்னை வாசலில் நிறுத்திவிட்டார் என்று அம்மா கேலி செய்வாள். நிலத்தை விற்றவனே அந்த நிலத்தின் வாசலில் நின்று சல்யூட் அடிக்கிறானே என்று சொந்தக்காரர்கள் முதுகுக்குப் பின்னால் பேசினார்கள். உனக்கு அதெல்லாம் காதில் விழவே விழாது.

ஆனால் ஆடியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கதையே வேறு. அன்றைக்கு நீ தலைப்பாகையைக் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் வேட்டியோடு, தலையில் கரகத்தோடு, பம்பையும் உடுக்கையுமாக முன்கேட்டு வழியே வருவாய். முதலாளி உன் இடத்தில் வந்து நின்று அவர் கையாலேயே கதவைத் திறப்பார். குளத்தில் குளித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரர்கள் துண்டைச் சுற்றிக்கொண்டு எழுந்து நிற்பார்கள். நீ அவர்களைத் தாண்டிப் போய்க் கிணற்றில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வருவாய். மறுநாள் காலையில் திரும்பவும் சிவப்புக் கோட்டு, திரும்பவும் சல்யூட். எனக்கு அந்த ஓட்டலின் பெருமை என்றால் அந்த ஒரு ஞாயிறுதான், மற்றதெல்லாம் பளிங்குக் கல்.

முதலாளிக்கும் அதில் நஷ்டம் ஒன்றுமில்லை. ஆடியில் எவன் கல்யாணம் வைப்பான்? ஓட்டல் காற்று வாங்கிக்கொண்டிருக்கும். இருந்தாலும் நல்ல மனுஷர். ஒருநாள் உன்னைக் கூப்பிட்டு, "எனக்கப்புறம் பசங்க எப்படி இருப்பானுங்களோ தெரியாது. கரகம் உள்ளே வர்ற உரிமையைப் பத்திரத்துல எழுதிடறேன், ஊர்ப் பெரியவங்களைக் கூட்டிட்டு வா" என்றார். நீயும் ஊர்க்காரர்களும் சேர்ந்து என்ன சொன்னீர்கள்?

"இன்னாத்துக்கு எய்தணும்? அவ ஊட்டுக்கு அவ வர்றா. அதுக்கு நாம இன்னா பர்மிஷன் எய்தி வாங்கறது? அப்பால அம்மனுக்கே வாடகைக்கு வுட்ட மாதிரி ஆயிடும்."

நான் அப்போது பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்ன கம்பீரமாகச் சொன்னாய்! ஊரே தலையாட்டியது. உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனாவது இப்படி ஒரு முட்டாள்தனம் செய்வானா, நைனா? கொடுக்கிறேன் என்று ஒருவர் கையெழுத்துப் போட வந்து நிற்கிறார், வாங்கினால் சாமிக்கு மரியாதைக் குறைவு என்று திருப்பி அனுப்பிய ஊர் நம்முடையது.

முதலாளி போனார். நீயும் போனாய். அவருடைய பிள்ளைகள் சண்டை போட்டு ஓட்டலை மூடினார்கள். பல வருஷம் அது புதர் மண்டிக் கிடந்தது. அப்போதுகூட ஆடி வந்தால் காவலுக்கு இருந்த ஆள் கேட்டைத் திறந்துவிடுவார். சேகர் தலையில் கரகத்தோடு முள்ளை மிதித்துக்கொண்டு போய்த் தண்ணீர் எடுத்து வருவான். ஒரு வருஷமும் தவறவில்லை.

இப்போது ஒரு பெரிய கம்பெனி வாங்கி, பெயின்ட் அடித்து, பாரம்பரிய ரிசார்ட் என்று திறந்திருக்கிறார்கள். நானும் சேகரும் ஒருநாள் வேடிக்கை பார்க்கப் போனோம். உள்ளே நுழைந்ததும் எதிரே நீ! முதலாளி அறையில் மாட்டியிருந்ததே, ஏதோ ஒரு விருந்தாளி எடுத்துக் கொடுத்த படம், அதைத்தான் பெரிசாக்கி மாட்டியிருந்தார்கள். கீழே பித்தளை உருளியில் பூ, இரண்டு பக்கமும் செடித்தொட்டி. காபிக் கப்பில் உன் மீசை. தலையணை உறையில் உன் தலைப்பாகை. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சேகர் கப்பைத் தடவிக்கொண்டே, "நைனா பெரிய ஆளாயிட்டாருக்கா" என்றான். அன்றைக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தோம்.

ஆடி வந்தது. வழக்கம்போல் முதல் ஞாயிறு சேகருக்குக் காப்புக் கட்டினார்கள். கையில் அந்த மஞ்சள் நூல் ஏறிவிட்டால் என்னென்ன என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. செருப்பு கூடாது, கவிச்சி கூடாது, ஊர் எல்லை தாண்டி ராத்தங்கக் கூடாது. அந்தக் கிணற்றுத் தண்ணீர் அம்மன் தலையில் விழுந்த பிறகுதான் காப்பை அவிழ்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு கரகம் கேட்டுக்குப் போனது. கேட்டு மூடியிருந்தது. உள்ளே ஏதோ கம்பெனி மாநாடு. ஆடியில் ஓட்டலை எப்படி நிரப்புவது என்று கண்டுபிடித்துவிட்டார்கள்! மேனேஜர் வந்தார். சின்ன வயசு, நம் பக்கத்துப் பையன்தான், நெற்றியில் விபூதிகூட இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "உங்க சென்டிமென்ட் புரியுது மேடம். ஆனா இந்த மாதிரி ஒரு உரிமை இருக்குன்னு எங்ககிட்ட கொடுத்த எந்த டாக்குமென்ட்லயும் இல்லையே. உங்ககிட்ட ஏதாவது எழுத்துல இருக்கா?" என்றார்.

என்ன சொல்ல? எங்க நைனா வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்றா சொல்வது?

போலீஸ் வந்தது. ட்ராஃபிக் நிற்கிறது, சீக்கிரம் முடியுங்கள் என்றார்கள். ஹைவேயில் லாரி ஹாரன் ஒருபக்கம், பம்பை ஒருபக்கம். தார் ரோடு கொதித்தது, சேகர் வெறுங்காலோடு கரகத்தை இறக்காமல் நின்றான். கடைசியில் மேனேஜர் ஒரு வழி சொன்னார். சமையல்கட்டுப் பின்னால் சர்வீஸ் கேட்டு இருக்கிறது, பத்துப் பேர் மட்டும், மேளம் இல்லாமல் வந்து எடுத்துப் போகலாம். நான் சரி என்றேன். ஆமாம் நைனா, சரி என்றுதான் சொன்னேன். தண்ணீர் கிடைத்தால் போதும் என்று இருந்தது எனக்கு.

சேகர் கேட்கவில்லை. "குப்பை வண்டி போற வயியில கெங்கையம்மாவைக் கூட்டிகினு போவ சொல்றியா? நைனா இருந்தா இதுக்கு ஒத்துக்குவாரா?" என்று என்னிடம் கத்தினான். வெறும் கரகத்தோடு திரும்பினோம். அம்மன் தலையில் தண்ணீர் விழவில்லை.

அன்றிலிருந்து இன்றுவரை உன் பிள்ளை கையில் காப்பு அப்படியே இருக்கிறது. ஆடி முடிந்து ஆவணியும் வந்துவிட்டது. எஸ்டேட்டில் அவன் வேலை செய்யும் கம்பெனியில் சேஃப்டி ஷூ இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். அதனால் லீவு போட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறான். சூப்பர்வைசர் போன் மேல் போன். இதையெல்லாம்கூட விடு. கோயமுத்தூரில் அவன் மகள் பிரியாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருக்கிறது. உனக்குக் கொள்ளுப்பேத்தி! சேகர் பெண்டாட்டி அங்கே போய்விட்டாள். இவன் எல்லை தாண்டி ராத்தங்க முடியாது. பேர் வைத்ததைப் போனில்தான் பார்த்தான். குழந்தை கொட்டாவி விட்டதை எனக்கு ஃபார்வர்ட் பண்ணிவிட்டு, "உன் மூக்கு, அக்கா" என்று போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டு நான் சமையல்கட்டில் போய் அழுதேன். ஒரு குடம் தண்ணீர், நைனா. ஒரே ஒரு குடம்.

"அவுத்துடுடா, அம்மா கோச்சிக்காது" என்று போய்க் கெஞ்சினேன்.

"அம்மா கோச்சிக்காதுன்னு எனக்கும் தெரியும். நைனாதான் கோச்சிக்குவாரு" என்றான். உன்னை அப்படியே உரித்து வைத்திருக்கிறான். யாரிடம் போய் நான் முட்டிக்கொள்வது?

கவுன்சிலரிடம் போனேன், பார்க்கலாம் என்றார். ஸ்டேஷனுக்குப் போனேன், எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றார்கள். கடைசியில் நேராக ஓட்டலுக்கே போய் மேனேஜர் எதிரே உட்கார்ந்தேன். அவர் பழைய பாட்டையே பாடினார். எழுத்தில் இருக்கிறதா, எழுத்தில் இருக்கிறதா. அவர் மேஜை மேல் காபிக் கப், அதில் நீ. எனக்கு எங்கிருந்து அந்தப் புத்தி வந்ததோ!

"சரி சார், எங்ககிட்ட பேப்பர் இல்ல. இந்த மூஞ்சிக்கு உங்ககிட்ட இன்னா பேப்பர் கீது? எங்க நைனா எப்போ உங்களுக்கு எய்திக் குடுத்தாரு? அதைக் காட்டுங்க மொதல்ல" என்றேன்.

அந்தப் பிள்ளை முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. கப்பை எடுத்து மேஜைக்கு அடியில் வைத்துவிட்டார். "மேலே பேசிட்டுச் சொல்றேன் மேடம்" என்றார். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். படத்தை எடுக்க அவர்களுக்கு மனசு வராது, கேட்டைத்தான் திறப்பார்கள் என்று அப்படி ஒரு நம்பிக்கை. சேகருக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டேன்.

அவர்கள் படத்தை எடுத்துவிட்டார்கள். அந்த இடத்தில் இப்போது ஒரு மயில். கப்பிலும் மயில்தான். "உங்க ஃபேமிலிக்கு மரியாதையா ஒப்படைக்கிறோம் மேடம்" என்று போன் வந்தது. போனேன். சர்வீஸ் கேட்டு பக்கத்தில் உன்னைச் சாய்த்து வைத்திருந்தார்கள். கூடவே ஒரு தண்ணீர் கேன். மேனேஜர் குரலைத் தாழ்த்தி, "கிணத்துத் தண்ணிதான் மேடம். யாருக்கும் சொல்லாதீங்க, நானே பிடிச்சு வெச்சேன்" என்றார். அவர் மேல் முழுசாகக் கோபப்படவும் முடியவில்லை, அதுவும் ஒரு எரிச்சல்.

உன்னையும் கேனையும் ஒரு குட்டி யானை வண்டியில் ஏற்றிக்கொண்டு முதலில் ஊருக்குப் போனேன். சேகர் கேனைப் பார்த்துவிட்டு, "அம்மா இன்னா ஐ.டி. கம்பெனில வேலை செய்யுதா, கேன் தண்ணி குடிக்கறதுக்கு?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டான். அவன் வீட்டு வாசப்படி சின்னது, நீ உள்ளே நுழையவில்லை. அப்படித்தான் முகப்பேர் வந்து, மாடிப்படியில் நாலு பேர் தூக்கி, என் ஹாலில் நிற்கிறாய். நான் கெட்டிக்காரத்தனமாகப் பேசியதில் மிச்சம் இதுதான். அம்மனும் வெளியே, நீயும் வெளியே.

நேற்றுவரை உன்னை நிமிர்ந்து பார்க்கவே பிடிக்கவில்லை. எழுதி வாங்கியிருந்தால் இத்தனை பாடு உண்டா என்று காபி போடும்போதும் திட்டினேன், துணி மடிக்கும்போதும் திட்டினேன்.

இன்று காலையில் ஃபிரேமில் படிந்த தூசியைத் துடைக்க உட்கார்ந்தேன். ஓட்டலில் உருளியும் செடித்தொட்டியும் மறைத்துக்கொண்டிருந்த பகுதி அது, இதுவரை நான் பார்த்ததே இல்லை. துடைத்தால் உன் பாதம். வெறும் பாதம்! சிவப்புக் கோட்டு, சரிகை, பளபளவென்று பித்தளைப் பொத்தான், கீழே செருப்பில்லாமல் பளிங்கில் நிற்கிறாய். ஆடியில் வெறுங்காலோடு வீட்டைவிட்டுக் கிளம்புவாய் என்பது தெரியும். ஓட்டலுக்குப் போய் ஷூ மாட்டிக்கொள்வாய் என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

எழுந்து கதவைப் பிடித்திருக்கும் கையைப் பார்த்தேன். கோட்டுக் கை சற்று மேலே ஏறியிருக்கிறது. அதற்குக் கீழே மஞ்சளாக ஒரு நூல்.

அவ்வளவு பெரிய ஓட்டலின் வாசலில், அத்தனை கனவான்களுக்கும் காப்புக் கட்டிய கையாலேயே கதவைத் திறந்துவிட்டிருக்கிறாய். முதலாளியும் ஒன்றும் சொல்லவில்லை. படம் எடுத்தவருக்கும் என்னவென்று தெரிந்திருக்காது. கம்பெனிக்காரர்கள் கேட்ட எழுத்து அவர்கள் சுவரிலேயே அத்தனை நாள் தொங்கியிருக்கிறது. இது கோர்ட்டில் செல்லாது, எனக்குத் தெரியும். உன் மேல் இருந்த கோபமும் முழுசாகப் போகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன், நைனா. உன் மாப்பிள்ளை வந்து என்ன ஆச்சு என்று கேட்டார். படத்தில் உன் கையைக் காட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு டி.வி.யை அணைத்தார்.

சேகருக்குப் போன் போட்டேன். "கரகத்தை ஜோடிடா, வர்ற ஞாயித்துக்கெயமை போறோம்" என்றேன். உன் கையில் இருப்பதையும் சொன்னேன். பம்பைக்காரரிடம் சொல்லிவிட்டு வருகிறேன் என்று போனை வைத்தான்.

ஆகவே இது நான் உனக்குக் கொடுக்கும் வாக்கு. இந்த ஞாயிறு அதே குட்டி யானையில் உன்னை நிமிர்த்திக் கட்டி, கரகத்துக்கு முன்னால் கொண்டு வருகிறேன். சர்வீஸ் கேட்டுக்கு இல்லை, முன்கேட்டுக்கு. மூடினால் மூடட்டும். காபி குடித்தவர்கள் எல்லோரும் கப்பில் பார்த்த அந்த வாசல்காரர் வெறுங்காலோடு வெளியே வெயிலில் நிற்பதைப் பார்க்கட்டும். அன்றைக்குத் திறக்காவிட்டால் அதற்கடுத்த ஞாயிறும் வருவோம், அதற்கும் அடுத்த ஞாயிறும் வருவோம். எனக்கு முழங்கால் வலிதான், ஆனாலும் வருவேன்.

தண்ணீர் விழுந்ததும் சேகர் கையில் இருப்பதை நானே அவிழ்த்து, அன்றைக்கே அவனைக் கோயமுத்தூர் ரயிலில் ஏற்றிவிடுகிறேன். உன் கையில் இருப்பதை மட்டும் யாராலும் அவிழ்க்க முடியாது. அது அப்படியே இருக்கட்டும்.

உன்னோடு சண்டை போடாமல் ஒருநாளும் தூங்கப் போகாத,
உன் மூத்த பொண்ணு
மல்லிகா